நாற்காலியை விட்ட பிறகு



கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம்மில், ஒரே ஊரில் ஒரே வேலையில் மூன்று தலைமுறை நிலைத்த குடும்பம் எத்தனை இருக்கும்? தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியிருப்பார். அப்பா ரயில்வேயிலோ கிள்ளான் துறைமுகத்திலோ வேலை பார்த்திருப்பார். பிள்ளை ஷா ஆலம் தொழிற்சாலைக்குப் போய் வருவார். பேத்தி வெளிநாட்டில் படிக்கப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள்.

மனிதர்கள்தான் இடம் மாறினார்கள் என்றில்லை, இடங்களும் உருமாறின. இன்றைய ஷா ஆலம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். 1963இல் அங்கே புதிய நகரத்துக்கான வேலை தொடங்கியது. 1978இல் அது சிலாங்கூரின் தலைநகரானது. பிரிக்பீல்ட்ஸில் பழைய ரயில்வே யார்டு இருந்த நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது.

இவ்வளவு மாற்றங்களைப் பார்த்த நமக்கு மாற்றத்தைக் கண்டு பயம் இருக்கக் கூடாதுதான். ஆனால் இருக்கிறது. 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று சட்டம் சொல்கிறது. எந்தத் தேதியில் வேலை முடியும் என்பதை அந்தச் சட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மறுநாள் காலையில் எழுந்து எதற்காகக் குளித்து உடுத்த வேண்டும் என்பதை எந்தச் சட்டமும் சொல்வதில்லை. ஓய்வுபெற்றவருக்கு மட்டுமா இந்தத் தடுமாற்றம்? வேலை போனவருக்கும், துணையை இழந்தவருக்கும், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு வெறும் வீட்டில் நிற்கும் தாய்க்கும் இதே கேள்விதான்: “இனி நான் யாருக்கு வேண்டும்?”

கிறிஸ்தவ நம்பிக்கை இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. கடவுள் ஒவ்வொருவரையும் ஏதோ ஒன்றுக்காக அழைக்கிறார் என்பது அந்தப் பதில். கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் அழைத்த வேலையே கையை விட்டுப் போனால் அழைப்பு என்ன ஆகும்? இதற்குத் தத்துவம் பேசுவதைவிட, நம் நாட்டில் வாழ்ந்த ஒருவரின் கதையைச் சொல்வது நல்லது.

அவர் கர்தினால் அந்தோணி சோட்டர் பெர்னாண்டஸ். 1932 ஏப்ரல் 22 அன்று கெடா மாநிலத்தின் சுங்கைப்பட்டாணியில் பிறந்தவர். ஜப்பானியப் படை மலாயாவுக்குள் நுழைந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அவர் குருவாக அபிஷேகம் பெற்றது 1966 டிசம்பர் 10 அன்று, 34 வயதில். அந்தக் காலத்தில் இருபத்தைந்து, இருபத்தாறு வயதிலேயே பலர் குருக்களாகிவிடுவார்கள். அந்தக் கணக்குப்படி இவர் பிந்தி வந்தவர்.

பிந்தி வந்தவருக்குப் பொறுப்புகள் வேகமாக வந்தன. 1978இல் பினாங்கு மறைமாவட்டத்தின் ஆயரானார். 1983இல் கோலாலம்பூரின் பேராயரானார். கோலாலம்பூர் தனி மறைமாவட்டமான 1955இலிருந்து அதை நடத்திவந்த டொமினிக் வெண்டார்கன் ஓய்வுபெற்ற இடத்துக்கு இவர் வந்தார். மலேசியாவின் பௌத்தர்கள், கிறிஸ்தவர்கள், இந்துக்கள், சீக்கியர்கள் சேர்ந்து ஓர் ஆலோசனை மன்றம் அமைத்ததும் அதே 1983இல்தான். சமயங்கள் ஒன்றோடொன்று உட்கார்ந்து பேச வேண்டிய காலம் அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தோட்டப்புறத்துத் தமிழர்கள் நகரத்தின் ஓரங்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலமும் அதுதான். தோட்டத்துச் சிறு கோயில்களில் கும்பிட்டவர்கள் நகரத்துப் பங்குகளில் புது முகங்களாக வந்து நின்றார்கள். இருபது ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார் பேராயர் சோட்டர்.

2003இல் விலகினார். ஆயர்கள் 75 வயதில் பதவி விலகல் கடிதம் தர வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் கேட்கிறது. அவருக்கு அப்போது 71தான். நான்கு ஆண்டுகள் மிச்சமிருக்கும்போதே இறங்கிவிட்டார்.

இறங்கியவர் எங்கே போனார்? பினாங்கில் உள்ள குருமடத்துக்குப் போனார். காலேஜ் ஜெனரல் என்ற அந்தக் குருமடத்தில் மாணவர்களுக்கு ஆன்ம வழிகாட்டியாக இருந்தார். ஒரு தலைநகரத்தின் பேராயராக இருந்தவர், இருபது வயதுப் பையன்களின் குழப்பங்களைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் வேலைக்கு வந்தார். ‘எனக்கு உண்மையிலேயே அழைப்பு இருக்கிறதா? வீட்டுக்குத் திரும்பிவிடலாமா? அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள்?’ ஒரு குருமாணவன் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. தாமே முப்பதுகளில் குருவானவர் என்பதால் அந்தக் கேள்விகளின் பாரம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்தக் குருமடத்தின் கதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதுதான். 1665இல் சயாம் நாட்டின் அயுத்தியாவில் பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கியது அது. போரும் கலவரமும் துரத்த, ஊர் ஊராக இடம் பெயர்ந்தது. 1770களில் அது நடந்தது எங்கே தெரியுமா? புதுச்சேரிக்குப் பக்கத்தில், வீராம்பட்டினத்தில். அங்கும் நிலைக்கவில்லை, மூடப்பட்டது. மறுபடி உயிர்பெற்றது 1808இல், பினாங்கில். ஒவ்வொரு முறை கட்டடம் போனபோதும், “இத்தோடு முடிந்தது” என்று சொல்லியிருக்க முடியும். கட்டடம் போனாலும் பாடம் மறுபடி தொடங்கியது. வேலையை விட்டு இறங்கிய ஒரு பேராயர் போய்ச் சேர அதைவிடப் பொருத்தமான இடம் இருந்திருக்காது.

2016 நவம்பர் 19 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். மலேசியாவின் முதல் கர்தினால். அப்போது வயது 84. எண்பதைக் கடந்த கர்தினால்களுக்குத் திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை கிடையாது. ஆட்சி செய்ய மறைமாவட்டமும் இல்லை. அதிகாரம் எதுவும் சேராத கௌரவம் அது.

மூன்றே ஆண்டுகளில், 2019இல், நாக்கில் புற்றுநோய் கண்டது. வாழ்நாளெல்லாம் மறையுரை ஆற்றியவருக்கு நோய் வந்தது நாக்கில். 2020 அக்டோபர் 28 அன்று, செராஸில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையினர் நடத்தும் முதியோர் இல்லத்தில், 88 வயதில் இறந்தார்.

நேயர்களே, இந்த வாழ்க்கையில் எது அழைப்பு? பேராயர் பதவியா? அதுதான் என்றால் அது இருபது ஆண்டுகளில் முடிந்துவிட்டது. மீதி வாழ்க்கையெல்லாம் வெறும் முன்னுரையும் பின்னுரையுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதவி என்பது அழைப்பு சில காலம் உட்கார்ந்திருந்த நாற்காலி, அவ்வளவுதான். நம்மில் பலருக்கு வரும் துயரம் நாற்காலியை இழந்ததால் வருவதைவிட, நாற்காலியையே நாம் என்று நம்பியதால் வருவது.

வேதாகமத்தில் ஆபிரகாம் ஆரானை விட்டுக் கிளம்பும்போது வயது 75. போகுமிடம் எது என்பது தெரியாது. “காட்டுகிறேன், போ” என்ற அளவில்தான் அவருக்குச் செய்தி. தோட்டத்தில் வேலை பார்த்த நம் முன்னோர் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார்கள். அந்த வெளிச்சம் எதிரே நிற்கும் மரத்துக்குத்தான் போதும், நிரை முழுக்கத் தெரியாது. அந்த மரத்தை வெட்டி முடித்து நகர்ந்தால் அடுத்த மரம் தெரியும். கடவுளை நம்பி நடப்பதும் கிட்டத்தட்ட இந்த அளவு வெளிச்சத்தில்தான். நிரை முழுவதும் தெரிந்தால்தான் கத்தியை எடுப்பேன் என்றவர் அன்றைக்குப் பால் எடுத்திருக்க மாட்டார்.

அழைப்பு என்பது சாமியார்களுக்கும் கன்னியர்களுக்கும் உரியது, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். பிரிக்பீல்ட்ஸுக்கே வாருங்கள். அங்கே 1924இல் எழுந்த சீயோன் லூத்தரன் ஆலயம் இருக்கிறது. தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்க் தொடங்கிய வேலையின் கிளை அது. கடல் கடந்து வந்த தமிழர்கள் கூடவே கொண்டுவந்தது. முதல் உலகப் போரில் ஆங்கிலேயர் ஜெர்மானிய மிஷனரிகளை இந்தியாவிலிருந்து வெளியேற்றியபோது அந்தத் தாய்ச்சபை தலைவர்களை இழந்து தவித்தது. கலைந்துபோகவில்லை. சுவீடன் நாட்டு மிஷன் கைகொடுக்க, 1919 ஜனவரியில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்று தானே எழுந்து நின்றது.

அந்தச் சபைகளின் வேரில் இருக்கும் மார்ட்டின் லூத்தர் கற்பித்த ஒன்று நம் எல்லாருக்கும் உதவும். துறவிக்கு மட்டுமல்ல, செருப்புத் தைப்பவருக்கும், வீட்டு வேலை செய்பவருக்கும், பிள்ளையைக் குளிப்பாட்டும் தகப்பனுக்கும் அவரவர் வேலையே கடவுள் தந்த அழைப்பு என்றார் அவர். அந்த வேலையால் நன்மை பெற வேண்டியவர் பக்கத்தில் இருக்கும் மனிதர். கடவுளுக்கு நம் உழைப்பு தேவையில்லை, அயலாருக்குத் தேவை. லூத்தரின் வாழ்க்கையே திருப்பங்களால் ஆனது. 1505இல் சட்டப் படிப்பை விட்டுத் துறவியானார். 1521இல் திருச்சபையிலிருந்து நீக்கப்பட்டார். 1525இல் குடும்பஸ்தரானார்.

அயலாருக்குத் தேவை என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டால், மாற்றத்தின் நடுவில் நிற்பவருக்கு வழி கொஞ்சம் தெளியும். “கடவுள் என்னை எதற்குக் கூப்பிடுகிறார்?” என்று அறைக்குள் உட்கார்ந்து கேட்டால் பதில் வர நாளாகலாம். “என் வீட்டைச் சுற்றி யாருக்கு என்ன குறை?” என்று வெளியே போய்க் கேட்டால் ஒரே மாலையில் பத்துப் பதில் கிடைக்கும். கணக்கு வராத அடுத்த வீட்டுப் பிள்ளை, மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆளில்லாத பாட்டி, மலாய்ப் படிவம் நிரப்பத் தெரியாத புதுக் குடியேறி. முப்பது வருடம் கிராணியாகவோ ஆசிரியையாகவோ தாதியாகவோ இருந்த உங்களுக்கு அதில் ஒன்றாவது கைவந்த வேலையாக இருக்கும். வேதாகமத்தில் வரும் ரூத்து மாமியாருக்கும் தனக்கும் சோறு தேடித்தான் வயலில் கதிர் பொறுக்கப் போனாள். அந்த வயலில்தான் அவள் வாழ்க்கை திரும்பியது.

எச்சரிக்கையாகவும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். கடவுளை நம்புகிறேன் என்று சொல்லி, திட்டமிடாமல் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து ஏதோ ஒரு முயற்சியில் கொட்டுவது நம்பிக்கை ஆகாது. வேலையில் சலிப்பு வந்ததையெல்லாம் அழைப்பு என்று நினைத்துக்கொள்ளவும் கூடாது. முழுநேர ஊழியம் என்று மனம் இழுத்தால், குடும்பத்தோடும் சபைப் பெரியவர்களோடும் பேசுங்கள். முதலில் வாரத்தில் ஒரு நாள் அந்த வேலையைச் செய்து பாருங்கள். படிக்க விரும்புவோருக்கு 1979இல் தொடங்கி இன்று சிரம்பானில் இயங்கும் செமினாரி தியோலாஜி மலேசியா போன்ற கல்லூரிகள் உண்டு. உண்மையான அழைப்பு இந்தச் சோதனைகளைத் தாங்கும். மற்றவர் கேள்வி கேட்டதும் கோபித்துக்கொள்ளும் ஆசையைக் கொஞ்சம் சந்தேகிப்பது நல்லது.

நம்பினால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்றும் நான் சொல்லப்போவதில்லை. கர்தினாலுக்குப் புற்றுநோய் வந்தது. ஆபிரகாமுக்கு வாக்களித்த தேசத்தில் அவர் சாகும்போது சொந்தமாக இருந்தது விலைக்கு வாங்கிய ஒரு கல்லறை நிலம். கடவுளை நம்புவது என்றால், முடிவு நம் கணக்குப்படி வராவிட்டாலும் இன்றைய வேலை வீணாகாது என்று ஏற்றுக்கொள்வது.

அதனால் ஓய்வு நெருங்குகிறவர்களே, வேலை மாறுகிறவர்களே, ஊர் மாறுகிறவர்களே, நாற்காலியைச் சுத்தமாகத் துடைத்து அடுத்தவரிடம் கொடுங்கள். உங்களுக்குப் பின் வருகிறவரைக் குறை சொல்லாதீர்கள். பிறகு, உங்களால் முடிந்த ஒரு சிறிய வேலையை, அது தேவைப்படும் ஒரு மனிதருக்கு, இந்த வாரமே செய்யத் தொடங்குங்கள். பேராயராக இருந்தவருக்கு மாணவர்களின் பக்கத்தில் உட்காருவது சிறிய வேலையாகப் படவில்லை. நமக்கும் பட வேண்டியதில்லை.