கத்தினால்தான் தலைவனா?

பாகூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, "இவன் எப்ப முடிப்பான்" என்று பின்வரிசையில் கடிகாரம் பார்க்கிற தம்பிகளே!

ஏப்ரல் 16 உலகக் குரல் நாளாம். அதற்கு என்னைக் கூப்பிட்டவர்கள் யார்? வாத்தியார்கள்! வில்லியனூரில் பிறந்து, நம்ம சேலியமேட்டில் வாழ்ந்தாரே வாணிதாசன், அவர் யார்? வாத்தியார்! பாவேந்தர் பாரதிதாசன்? வாத்தியார்! ஏன் இப்படிக் கை தட்டுகிறீர்கள்? உங்கள் மனசில் இருக்கிற வாத்தியார் வேறு. அவரிடம் அப்புறம் வருகிறேன்.

தொண்டைக்குள்ளே இரண்டு சின்ன மடிப்பு, குரல் நாண். ஆண் பேசினால் வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் மோதுகிறது. பெண் பேசினால் இருநூறு. நம்ம டீச்சரம்மா ஒரு மணி நேரம் பாடம் நடத்தினால்? மூச்சு விடுகிற நேரத்தைத் தள்ளினாலும் லட்சக்கணக்கில் வரும். கணக்கு வாத்தியார் சண்டைக்கு வராதீர்கள்! அந்த அம்மாவுக்கு வகுப்பில் ஒரு சின்ன மைக் கேட்டால் நிதி இல்லையாம். ஆனால் தலைவர் பிறந்தநாளா? தெருவுக்குத் தெரு குழாய் ஒலிபெருக்கி!

சிலருக்குக் குரல் கட்டுவதே இல்லை. நம்ம நண்பர் ஒருவர், பெயர் வேண்டாம், குரல் புத்தம் புதுசா இருக்கும். சட்டசபையில் வாயைத் திறந்தால்தானே பழசாகும்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தொண்டை கட்டியதும் மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கிறோம். அந்தத் தண்ணீர் நாணைத் தொடுவதே இல்லை, அதற்குப் பாதை வேறு. உடம்பெல்லாம் பரவி அப்புறம்தான் அங்கே ஈரம் போகும். அதனால் காலையிலிருந்தே குடியுங்கள். ம்க்கும், ம்க்கும் என்று கனைக்காதீர்கள். கனைக்கிற ஒவ்வொரு முறையும் நாணும் நாணும் அறைந்துகொள்கின்றன. எச்சிலை விழுங்குங்கள், போதும். குரல் போனால் கிசுகிசுப்பதும் ஆகாது; வாயை மூடி ஒரு நாள் சும்மா இருங்கள். ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுக்காதீர்கள், புளிப்பு மேலேறித் தொண்டையை அரிக்கும்.

திரௌபதியம்மன் கோயில் கூத்து பார்த்திருக்கிறீர்கள். ஆர்மோனியம், மத்தளம், முகவீணை, அத்தனையையும் மீறி விடிய விடியப் பாடுகிறான் துரியோதனன். படுகளத்தில் விழுந்து எழுந்ததும் அவன் கையில் என்ன கொடுக்கிறோம்? சாராயம்! தொண்டைக்கு இதமாம்! புண்ணில் நெருப்பை ஊற்றிவிட்டு இதம் என்கிறோமே, நியாயமா? பீடி வேறு!

இப்போது அந்த வாத்தியார், நம்ம எம்.ஜி.ஆர். 1967 ஜனவரி 12. கழுத்தில் துப்பாக்கிக் குண்டு. ஆஸ்பத்திரியில் படுத்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். பழைய குரல் திரும்பவில்லை. அந்தக் கம்மிய குரலோடு படத்தில் பேசினார், மேடையில் பேசினார், 1977-இல் முதலமைச்சராகக் கோட்டைக்கே போனார். கத்தியா ஜெயித்தார்? மெதுவாகத்தான் பேசினார், நாடே காது கொடுத்தது. இங்கே மைக் கிழியக் கத்துகிற சிலருக்கு டெபாசிட்டாவது கிடைத்ததா? சொல்லுங்கள்! சரி, சரி, வேண்டாம், இது குரல் நாள் கூட்டம்.

தாய்மார்களே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீட்டில் யாருக்காவது மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால், கஷாயத்தோடு விட்டுவிடாதீர்கள். அதுவும் புகை பிடிக்கிறவர் என்றால் நாள் கடத்தவே கூடாது. தொண்டைப் புற்றின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம். ஆரம்பத்திலேயே பிடித்தால் குணமாக்கலாம். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. கையைப் பிடித்து பஸ் ஏற்றிக் கூட்டிப் போங்கள்.