மூட்டு காத்திருக்கும், நரம்பு காத்திருக்காது

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. 34 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு ஆபரேஷன் நடந்திருக்கிறது. என் மனைவிக்கு முழங்கால் மூட்டு மாற்று. எனக்கு வலது மணிக்கட்டில் நரம்பு ஆபரேஷன். அவருடைய கதை நல்லபடியாக முடிந்தது. என் கதை பாதிதான் நல்லபடியாக முடிந்தது. ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் கையிலிருந்து தொடங்குகிறேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கை மரத்துப்போய் விழிப்பு வரும். எழுந்து உதறினால் சரியாகிவிடும். வயசாகிவிட்டது, ரத்த ஓட்டம் குறைவு என்று நானே முடிவு செய்து தைலம் தடவிக்கொண்டிருந்தேன், இரண்டு வருடம்! ஒருநாள் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. மகள் பார்த்துவிட்டு, "அப்பா, ரெண்டு கையையும் பக்கத்துல வைங்க" என்றாள். வலது கையில் கட்டை விரலுக்குக் கீழே இருக்கும் சதைமேடு பள்ளமாகியிருந்தது.

இதற்குப் பெயர் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த நார்ப்பட்டைக்கும் நடுவே ஒரு குறுகிய சுரங்கம் இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் போகின்றன. உள்ளே வீக்கம் வந்தால் நரம்பு நசுங்கும். சர்க்கரை, தைராய்டு குறைவு உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போகும். சுண்டு விரல் தப்பிவிடும். சுண்டு விரல்தான் மரக்கிறது என்றால், பெரும்பாலும் முழங்கையில் நசுங்கும் வேறொரு நரம்பு.

ஆரம்பத்திலேயே போயிருந்தால் ராத்திரியில் மணிக்கட்டுப் பட்டை, தேவைப்பட்டால் ஒரு ஊசி, அதோடு முடிந்திருக்கலாம். நான் போனபோது நெர்வ் கண்டக்ஷன் டெஸ்ட் பார்த்துவிட்டு, "இனி ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர். உள்ளங்கையில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அந்த நார்ப்பட்டையை வெட்டி நரம்புக்கு இடம் விடுகிறார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். ராத்திரி விழிப்பு நின்றது. ஆனால் கரைந்த சதை திரும்பவில்லை. கவுண்டரில் எத்தனையோ பேருடைய செக்கை 'கையெழுத்து மாறுகிறது' என்று திருப்பிக் கொடுத்தவன் நான். போன வருடம் என் செக்கே அப்படித் திரும்பி வந்தது.

இப்போது என் மனைவியின் முழங்கால். எக்ஸ்ரேயில் எலும்போடு எலும்பு உரசுவது தெரிந்தது. அப்படியிருந்தும் டாக்டர் அவசரப்படுத்தவில்லை. "எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்? வலியால் தூக்கம் கெடுகிறதா?" என்றுதான் கேட்டார். உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, வலியில்லாத பக்கத்துக் கையில் கைத்தடி என்று ஒரு வருடம் ஓடியது. அந்த நேரத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தோம், சொத்தைப் பல்லைச் சரிசெய்தோம். கிருமி எங்கிருந்தாலும் செயற்கை மூட்டுக்கு ஆபத்து என்றார்கள். பிறகுதான் ஆபரேஷன். மறுநாளே வாக்கரோடு நடக்க வைத்தார்கள். மடக்கி நீட்டும் பயிற்சியை வலித்தாலும் விடவில்லை. இன்று கீழே பூங்காவில் நான்கு சுற்று நடக்கிறார்.

வித்தியாசம் புரிகிறதா? தேய்ந்த மூட்டை மாற்ற நாளை நாம் தேர்ந்தெடுக்கலாம். நசுங்கிய நரம்பு நம் வசதிக்குக் காத்திருக்காது. அதிலும் முதுகுவலியோடு உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, கால் பலம் இழந்தாலோ அன்றைக்கே, ராத்திரியானாலும், மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அது காலை வரைகூடத் தள்ளிப்போடும் விஷயம் இல்லை.

காமர்ஸ் படித்தவன், கணக்கைச் சொல்லாமல் விடமாட்டேன். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் இம்ப்ளான்டுக்கு உச்சவரம்பு விலை நிர்ணயித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அன்று 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இன்றைய வரம்பு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பில்லில் இம்ப்ளான்டின் விலை, கம்பெனி, பேட்ச் எண் தனியாகக் காட்டப்பட வேண்டும். இம்ப்ளான்ட் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள். மெடிக்ளெய்ம் உள்ளவர்கள் மூட்டு மாற்றுக்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று இப்போதே பாலிசியில் பாருங்கள். நம் காவலாளிகளுக்கும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் சேரலாம். மூட்டு மாற்றும் அதில் உண்டு.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். என் மனைவி மருத்துவமனையிலிருந்து வந்த அன்று லிஃப்ட் பழுது. இரண்டு மாடியும் நாற்காலியில் தூக்கிக்கொண்டு போனோம். தூக்கிய பிள்ளைகளுக்கு இன்றும் நன்றி. நுழைவாயில் படிகளுக்கு ஒரு கைப்பிடியும், ஆபீஸ் அறையில் ஒரு சக்கர நாற்காலியும் இருந்தால் அடுத்தவர் அந்தப் பாடுபட வேண்டாம். என் பங்காக முதல் 2,000 ரூபாயைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். செக்காக இல்லை, ரொக்கமாக!

இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டை விரலுக்குக் கீழே ஒரு கையில் மேடு, மறுகையில் பள்ளம் என்று தெரிந்தால் தைலத்தைத் தேடாதீர்கள், டாக்டரைத் தேடுங்கள்.