பலகையும் குழாயும் ஊர்தியும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. அதனை நமக்கு முன் பேசிய சான்றோர் நிறைவாகவே எடுத்துரைத்துவிட்டனர். ஆதலின், கற்ற கல்வியை எங்கே செலவிட வேண்டும் என்பதைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம்.

நகர்மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை உங்களில் எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? இன்ன சாலையில் பலகை வைக்க அனுமதி. இன்ன தெருவுக்குக் குடிநீர்க் குழாய் நீட்டிப்பு. இன்ன பணிக்கு ஊர்தி வாங்குதல். இப்படியே அது நீளும். படிப்பவருக்குக் கொட்டாவி வரும். ஆயினும், நம் முன்னோரின் வாழ்வும் சாவும் இத்தகைய வரிகளுக்குள்தான் அடங்கிக் கிடந்தன. இன்றும் நம் வாழ்வின் பெரும்பகுதி அவற்றுள்தான் அடங்கிக் கிடக்கின்றது.

முதலில் நீரை எடுத்துக்கொள்வோம். 1923ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே.போலே என்பார் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப்பணத்தால் அமைக்கப்பட்ட, அல்லது பராமரிக்கப்படும் நீர்நிலைகளையும் கிணறுகளையும் தீண்டப்படாதார் எனப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அதனையொட்டி 1924இல் மகாடு நகராட்சி, தன் ஆளுகையிலிருந்த சவுதார் குளம் யாவர்க்கும் பொது எனத் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் நிறைவேறியது, ஆனால் நம்மவர் எவரும் நீர் பருகவில்லை. ஊரின் அச்சம் அவர்களைத் தடுத்து நிறுத்தியிருந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் ஊர்வலமாகச் சென்று, குளத்தின் படியிறங்கி, நீரைக் கையால் அள்ளிப் பருகினார். மூன்று ஆண்டுகளாகத் தாளில் உறங்கிக் கிடந்த தீர்மானம் அன்றுதான் உயிர் பெற்றது.

அதன் பின்னர் நிகழ்ந்ததைத்தான் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். திரும்பி வந்த மக்கள் தாக்கப்பட்டனர். குளத்துக்குத் தீட்டுக் கழிக்கும் சடங்கு நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் அதே நகராட்சி கூடி, தன் பழைய தீர்மானத்தைத் தானே நீக்கிக்கொண்டது! குளம் தனியார் சொத்து என்று வழக்கும் தொடுக்கப்பட்டது. அவ்வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தபோது ஆண்டு 1937. கைப்பிடி நீருக்குப் பத்தாண்டுகள்!

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? தீர்மானம் என்பது பாதிதான். அதனை நடந்து காட்டும் கால்களே மறுபாதி. அது மட்டுமன்று. தீர்மானத்தால் வந்ததைத் தீர்மானத்தாலேயே பறித்துவிடவும் கூடும். ஆதலின், வென்ற பிறகும் விழித்திருக்க வேண்டும்.

நம் மாநிலத்திலும் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, பொதுச்சாலைகளிலும் தெருக்களிலும் எவரும் நடக்கலாம், பொதுக்கிணறுகளையும் பொது அலுவலகங்களையும் எவரும் அணுகலாம் என்று அரசாணை பிறந்தது. ஆணை பிறந்ததனால் வழக்கம் மாய்ந்துவிட்டதா? இல்லை. அக்காலத்துத் தனியார் பேருந்துகள் சிலவற்றில் நம்மவரை ஏற்ற மறுத்தனர். பயணச்சீட்டிலேயே நமக்கு இடமில்லை என அச்சிட்டவர்களும் இருந்தனர். அப்போது இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தவர் ஊ.பு.அ.சௌந்தரபாண்டியனார். நம்மவரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என அவர் ஆணையிட்டார். நெடிய சொற்பொழிவு எதுவும் அங்கே தேவைப்படவில்லை. உரிமம் வழங்கும் பேனா யார் கையில் இருந்தது, அக்கை எப்பக்கம் சாய்ந்தது என்பதே அங்கே முடிவு செய்தது. உள்ளாட்சி அதிகாரத்தைச் சிறிதென எண்ணுவோர் இதனை நினைவில் கொள்க.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். கழகம் தொடங்கிய ஐந்தாம் ஆண்டில், தெருமுனையில் ஒரு பெயர்ப்பலகை நட்டோம். நான்கடி நீளம், இரண்டடி அகலம். நம் பிள்ளைகளே வண்ணம் தீட்டிய பலகை அது. ஒருநாள் காலையில் நகராட்சி ஊழியர்கள் வந்து அதனைப் பெயர்த்துச் சென்றனர். அனுமதி பெறவில்லை என்பது காரணம். அதே சாலையில், பேருந்து நிலையம் முதல் தேரடி வரை, திருமண வாழ்த்தும் பிறந்தநாள் வாழ்த்துமாக எத்தனையோ பதாகைகள் அன்றும் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றின் மீது எவர் கையும் படவில்லை. "நம்ம பலகைக்கு மட்டும் ஏன் அண்ணே?" என்று கேட்ட சிறுவனுக்கு அன்று நம்மிடம் விடையில்லை.

விதியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், அனுமதியின்றி வைக்கப்பட்ட பதாகையொன்று சரிந்து விழ, இருசக்கர ஊர்தியில் சென்ற 23 வயதுப் பெண் நிலைதடுமாறி வீழ்ந்து, பின்வந்த லாரியில் சிக்கி மாண்டதை நாடு மறக்கவில்லை. விதி வேண்டும், அஃது எல்லார்க்கும் வேண்டும். நம் மேல் விதி பாய்ந்தது என்பதன்று நம் முறையீடு. நம் மேல் மட்டும் பாய்ந்தது என்பதே.

அன்று நாம் கூச்சலிடவில்லை. விண்ணப்பம் எழுதினோம், கட்டணம் செலுத்தினோம், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தினோம். பதினொரு மாதம் நடந்தோம். அனுமதி வந்தது. அதே இடத்தில் பலகையை மீண்டும் நட்டோம். அவ்வனுமதிக் கடிதம் இன்றும் கழகக் கோப்பில் உள்ளது. பெயர்ப்பலகை என்பது வெறும் மரமும் வண்ணமும் அன்று; ஊர் நம்மை என்ன பெயரிட்டு அழைக்கிறது என்பதன் சாட்சி அது. 'காலனி' என்னும் சொல் தீண்டாமையின் குறியீடாகிவிட்டதனால் அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்ததை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அறிவிப்பு கோட்டையில் பிறக்கிறது. பலகையோ தெருமுனையில் நிற்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை நடந்து கடக்க வேண்டியவர்கள் நாமே.

விளக்கின் கதையும் இத்தகையதே. நம் இரவுப் பாடசாலை நகராட்சிப் புறம்போக்கில் நின்றது. மின் இணைப்புக் கேட்டபோது பட்டா எங்கே என்றனர். நகராட்சியின் தடையின்மைச் சான்று எங்கே என்றனர். அரிக்கேன் விளக்கின் புகையிலேயே இரண்டு ஆண்டுப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்தனர். அவர்களுள் ஒருவர் பின்னர்ச் சட்டம் பயின்று வந்து, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவை நமக்குப் படித்துக் காட்டினார். இடத்தின் உரிமையாளர் மட்டுமல்லர், அதில் குடியிருப்பவரும் மின்சாரம் கேட்கலாம் என்கிறது அப்பிரிவு. அன்றுமுதல் நம் மனுக்களின் மொழி மாறியது. "தயவு கூர்ந்து" என்று தொடங்கிய மனு, "சட்டப்படி" என்று தொடங்கலாயிற்று. நகர்மன்றம் தீர்மானம் இயற்றிற்று, சான்று கிடைத்தது, விளக்கு எரிந்தது. கல்வியின் பயன் யாது எனக் கேட்பவர்க்கு அவ்விளக்கே நம் விடை.

மூன்றாவது ஊர்தி. இதனைச் சொல்லும்போது நெஞ்சு கனக்கிறது. நம் நகரில் கழிவுநீர் அடைப்பெடுக்கும் இயந்திர ஊர்தி வாங்கப்பட்டபோது நாம் அனைவரும் மகிழ்ந்தோம். ஆனால் அவ்வூர்தி நம் சந்துகளுக்குள் நுழையாது. அதன் குழாயும் எட்டாது. ஒரு விடுமுறை நாளில் அடைப்பு ஏற்பட்டது. ஓட்டுநர் இல்லை. ஒப்பந்தக்காரர் நம் தெருவுக்குத்தான் ஆளனுப்பினார். உள்ளே இறங்கியவர் மூச்சடைத்து மயங்கிய நிலையில் தூக்கி வரப்பட்டார். உயிர் பிழைத்தார், எனினும் பழைய உடல்நலம் அவருக்குத் திரும்பவில்லை.

மனிதரைப் பாதாளச் சாக்கடையில் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறை மீறினாலே இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். சாக்கடையில் மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் என 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதனை முப்பது இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது கண்டு நாம் அமைதி கொள்வதற்கில்லை. ஒரு பிள்ளைக்குத் தந்தையின் விலை முப்பது இலட்சம் அன்று. ஊர்தி வாங்கும் பொருள் மன்றத்துக்கு வரும்போதே நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் உள்ளன. ஊர்தியின் அகலம் என்ன? நம் சந்தின் அகலம் என்ன? ஓட்டுநர் எத்தனை பேர்? விடுமுறை நாளில் சாவி எவரிடம்? அன்று நாம் கேட்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் அஃது ஒரு வரி. நம் தெருவில் அஃது ஓர் உயிர். அக்குற்றத்தில் நம் மௌனத்துக்கும் பங்குண்டு என்பதை இம்மேடையில் ஒப்புக்கொள்கிறோம்.

உள்ளாட்சி நாற்காலி சிறியது என்போர் மேலவளவை எண்ணிப் பார்க்கட்டும். தனித்தொகுதியில் வென்ற ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தோரும் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி போன்ற ஊர்களில் அந்நாற்காலியில் நம்மவர் அமைதியாக அமர்வதற்கு 2006 வரை காத்திருக்க நேர்ந்தது. மதிப்பற்ற இடத்துக்கு இத்துணைப் பகை எழுமா?

இளைஞர்களே, நாம் உங்களிடம் வேண்டுவது இவைதாம். 2022 நவம்பர் முதல் நம் மாநில நகரங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கியுள்ளன. சிற்றூர்களில் கிராம சபைகள் உள்ளன. அங்கே சென்று அமருங்கள். வாயால் கேட்டதை எழுத்தாலும் கேளுங்கள். ஒப்புகைச் சீட்டுப் பெறாமல் திரும்பாதீர்கள். தீர்மானத்தின் நகலை வாங்கிப் படியுங்கள். கொடுக்க மறுத்தால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, முப்பது நாளில் விடையிறுக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள். நம் தெருவுக்கென ஒரு கோப்புத் திறந்து வையுங்கள். பலகைக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று, ஊர்திக்கு ஒன்று என அது வளரட்டும். அடுத்த தலைமுறை அதனைப் பிரித்துப் பார்க்கும்போது, நாம் எங்கே விட்டோம், எங்கிருந்து தொடர வேண்டும் என்பதை அறிந்துகொள்ளும்.

மகாடுக் குளத்தின் நீரைப் பருகியவர்கள் தாகத்துக்காக மட்டும் பருகவில்லை. தீர்மானம் தாளிலேயே தங்கிவிடக் கூடாது என்பதற்காகவும் பருகினார்கள். நம் கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் அதுவே வழிகாட்டட்டும்.

வாழ்க கல்வி! வளர்க நம் கழகம்!