படிக்க வராதவரையும் கேட்போம்

நூலகர்களே, ஊராட்சி அன்பர்களே,

மதுரையில் புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-ஆம் நாள் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 2 லட்சத்து 13 ஆயிரம் சதுர அடி. குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதியும் உண்டு. நகரத்தாரோடு நாமும் மகிழ்ந்தோம். ஆனால் இன்று நாம் பேச வந்தது, மேலூர்ப் பக்கத்திலும் சோழவந்தான் பக்கத்திலும் சிற்றறைகளில் நடைபெறும் ஊர்ப்புற நூலகங்களைப் பற்றியதாகும்.

நூலகத்தால் மக்கள் மனநிறைவு எய்துகின்றனரா என்பதை எவ்வாறு அறிவது? முன்பெல்லாம் பதிவேட்டில் எத்தனை கையொப்பம் என்று எண்ணினோம். மழைக்கு ஒதுங்கியவரும் அதில் ஒரு வாசகரே! 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய 'லிப்குவால்' என்னும் ஆய்வுமுறை வேறு வழியைக் கைக்கொண்டது. ஒவ்வொரு பணியைக் குறித்தும் வாசகரிடம் மூன்று அளவுகளை அது கேட்கிறது: குறைந்தது எவ்வளவு வேண்டும், எவ்வளவு இருந்தால் மகிழ்வீர்கள், இப்பொழுது கிடைப்பது எவ்வளவு? கிடைப்பது குறைந்த அளவுக்கும் கீழே இருப்பின், அங்கே குறை உண்டு என்பது தெளிவு.

கல்லூரி நூலகங்களுக்கு இம்முறை நன்கு பொருந்திற்று. நம் ஊர்களிலோ வினாத்தாள் வந்தவர் கைக்குத்தான் எட்டும். நாற்று நடப் போன பெண்களும், விடியுமுன் மல்லிகை பறிக்கப் போனவர்களும் அதைக் காணமாட்டார்கள். நூலகம் திறந்திருக்கையில் அவர்கள் வயலில் இருப்பார்கள். வீடு திரும்புகையில் நூலகத்தில் பூட்டுத் தொங்கும். வந்த இருபது பேரும் 'நன்று' என்று எழுதிவிட்டால், மனநிறைவு நூற்றுக்கு நூறு என அறிக்கை போய்விடும்.

வராதவருக்கும் நூலகத்தில் உரிமை உண்டு. 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியே வீட்டுவரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. நூலைத் தொடாதவர் காசும் அந்த அலமாரியில் இருக்கிறது.

அச்சட்டத்துக்குப் பாடுபட்ட சீர்காழி எஸ்.ஆர். அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று, வாசகரின் நேரத்தைக் காப்பது. அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை என்னும் பெரியவர் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வாசகர் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

நாமும் மாதத்தில் ஒரு மாலை பால் சங்கத்து வாசலிலும் ரேஷன் கடை வரிசையிலும் நின்று கேட்கலாம்: உங்களுக்கு எந்நேரம் ஓய்வு? வீட்டில் படிப்பவர் யார்? எந்த நூல் இருந்தால் வருவீர்கள்? எழுதத் தெரியாதவர் சொல்வதை நாமே எழுதிக்கொள்வோம். திறக்கும் நேரத்தை மாற்ற வேண்டி மேலிடத்துக்கு விண்ணப்பிக்கும்போது அத்தாள்களையும் இணைத்து அனுப்புவோம்.