பிறந்த தேதி ஏன் ஒரு நாள் பின்னால் போகிறது?

(படப்பையில் பொதுமக்களிடமும் இ-சேவை மையப் பணியாளர்களிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)



கையில இருக்கிற போனை எடுத்து மணி பாருங்க. அந்த மணியை போன் எப்படிக் கணக்கு போடுதுன்னு இன்னைக்குப் பேசப் போறோம். போனுக்கு உள்ளே இந்திய நேரம் கிடையாது. 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி ஓடியிருக்கு என்கிற ஒரே ஒரு எண்தான் இருக்கு. அந்த நள்ளிரவும் நம்ம ஊர் நள்ளிரவு இல்லை, யுடிசி என்று சொல்லும் உலகப் பொது நேரத்தின் நள்ளிரவு. அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டித்தான் திரையில் காட்டுது.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். இங்கிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை கொரிய, ஜப்பானிய, ஜெர்மன் நிறுவனங்களின் ஆலைகள் இருக்கு. நமக்குக் காலை 10 மணி என்றால் கொரியாவில் மதியம் 1:30. ஜெர்மனியில் அதுவே கோடையில் காலை 6:30, குளிர்காலத்தில் 5:30. அவங்க மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறாங்க. எத்தனை நாடு, எத்தனை கடிகாரம் இருந்தாலும் உள்ளே இருக்கிற எண் ஒன்றே என்பதால் கணக்கு குழம்பாது.

குழப்பம் வருவது வேறு இடத்தில். நேரமே இல்லாத ஒரு விஷயத்துக்கு நேரம் ஒட்டும்போது வருது. பிறந்த தேதியை எடுத்துக்குங்க. 15-06-1990 என்பது ஒரு நாள், அவ்வளவுதான். அதற்கு மணி, நிமிடம் தேவையில்லை. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் மாதிரியான நிரல் மொழியில் தேதிக்கு மட்டும் தனியாக ஒரு வகை ரொம்ப காலம் இல்லை. தேதியைக் கொடுத்தால் அதோடு நள்ளிரவு 00:00 மணியையும் சேர்த்துக்கொள்ளும். நாட்காட்டிப் பெட்டியில் நீங்க 15-ஐத் தொட்டதும், "இந்திய நேரம் 15-ஆம் தேதி 00:00" என்று பதிவாகும். அதை சர்வருக்கு அனுப்பும்போது யுடிசிக்கு மாற்றினால் ஐந்தரை மணி நேரம் கழியும். கிடைப்பது 14-ஆம் தேதி 18:30. அங்கே யாராவது "நேரம் எதுக்கு, தேதி மட்டும் போதும்" என்று பின்பாதியை வெட்டிவிட்டால் முடிந்தது கதை. உங்க பிறந்த தேதி 14-06-1990.

நம் நாட்டில் எழுதிய மென்பொருளில் எங்காவது 18:30 என்ற நேரம் காரணமில்லாமல் தென்பட்டால், நிரலாளர்கள் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவாங்க. லண்டனில் உட்கார்ந்து குளிர்காலத் தேதிகளை மட்டும் சோதித்துப் பார்த்தால் இந்தப் பிழை கண்ணிலேயே படாது. அங்கே கழிக்க ஒன்றுமில்லை.

ஒரு நாள்தானே என்று நினைக்காதீங்க. நம்ம ஊரில் ஜனவரி 1-இல் பிறந்ததாகப் பதிவானவங்க நிறைய பேர். சான்று இல்லாமல் வருஷம் மட்டும் தெரிஞ்சவங்களுக்கு அப்படிப் போடுவது வழக்கம். 01-01-1985 ஒரு நாள் பின்னால் போனால் 31-12-1984. நாள், மாதம், வருஷம் மூன்றுமே மாறிப்போச்சு.

வயதானவங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் பாதி வரை, இந்தியா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஆறரை மணிக் கணக்கில் வைத்திருந்தது. உலகக் கணினிகள் பயன்படுத்தும் நேரமண்டலப் பட்டியலில் இது பதிவாகி இருக்கு. 1944-இல் பிறந்த பாட்டியின் தேதியை ஒரு மென்பொருள் அந்தப் பட்டியல்படி ஆறரை மணி கழித்து அனுப்ப, இன்னொரு மென்பொருள் ஐந்தரையை மட்டும் கூட்டினால், முந்தைய நாள் இரவு 11 மணியில் வந்து நிற்கும். முதியோருக்கான விண்ணப்பங்களைப் பதிவு செய்யும் பணியாளர்கள் இதை மனசில் வச்சுக்கணும். பேரன் தேதி சரியா வந்ததால பாட்டி தேதியும் சரியா வரும்னு சொல்ல முடியாது.

இங்கே கூடியிருக்கிறவங்களில் பலர் ஆலை வேலையில் இருக்கிறீங்க. உங்களுக்கு இது எங்கே இடிக்கும் என்றால், பி.எஃப். கணக்கில். ஆதாரில் ஒரு தேதி, பி.எஃப். பதிவில் ஒரு தேதி என்றிருந்தால், பணம் எடுக்கும் விண்ணப்பம் நின்றுவிடும். பிறந்த தேதியைத் திருத்த ஏற்கப்படும் ஆவணங்களின் பட்டியலிலிருந்து 2024 ஜனவரியில் ஆதாரை இபிஎஃப்ஓ எடுத்துவிட்டது. அப்போதைய விதிப்படி பிறப்புச் சான்றிதழோ பள்ளி மதிப்பெண் பட்டியல் போன்ற ஆவணமோ வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டப்படி, அந்த நாளிலோ அதற்குப் பிறகோ பிறந்தவங்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான்.

அதனால், எந்தச் செயலியிலும் சமர்ப்பிக்கும் முன் முன்னோட்டத்தைப் பாருங்க. பெயரில் எழுத்துப்பிழை இருக்கான்னு எல்லாரும் பார்ப்போம். தேதியை யாரும் பார்க்கிறதில்லை. சமர்ப்பித்த பிறகு வரும் ஒப்புகைச் சீட்டிலும் ஒருமுறை பாருங்க, ஏன்னா மாற்றம் பெரும்பாலும் அனுப்பிய பிறகுதான் நடக்குது. தேதி சரியாக ஒரு நாள் குறைந்திருந்தால், "நான் கொடுத்தது சரி, பதிவானது ஒரு நாள் முன்னால் இருக்கு" என்று தெளிவாகச் சொல்லிப் புகார் செய்யுங்க. அந்த ஒரு வரி போதும், எங்கே தேடணும்னு தொழில்நுட்பக் குழுவுக்குப் புரியும். நிரல் எழுதுறவங்களும் சிலர் வந்திருக்கீங்க. பிறந்த தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்று வெறும் எழுத்தாகவே அனுப்புங்க, தேதி என்ற வகையிலேயே சேமியுங்க. அதை நேரமண்டலத்தின் பக்கமே கொண்டுபோகாதீங்க.

இதே பிழை கடைசித் தேதியிலும் வரும், அங்கே முகம் வேறு. ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜூலை 31 என்று வையுங்க. நிரலில் ஆண்டு-மாதம்-நாள் என்று மட்டும் எழுதினால் ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். நமக்கு அது 31-ஆம் தேதி விடியற்காலை 5:30. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து எட்டு மணிக்கு விண்ணப்பிக்கப் போனால், கடைசி நாள் இன்னும் முழுசா இருக்கும்போதே கதவு மூடியிருக்கும்! அப்படி நடந்தால் மணி தெரிகிற மாதிரி திரைப்படம் பிடித்து வையுங்க.

தேதி எழுதும் முறையையும் கொஞ்சம் பார்ப்போம். நாம் 03/04 என்று எழுதினால் ஏப்ரல் 3. அமெரிக்கர் படித்தால் மார்ச் 4. கொரியப் பெட்டியின் லேபிளில் 24.03.05 என்றிருந்தால் அது 2024 மார்ச் 5. ஆலையில் இதைப் பழகினவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1988-இல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரம் ஆண்டு-மாதம்-நாள் வரிசையை வைத்ததே இந்தச் சண்டை வேண்டாம் என்றுதான். மின்னணு கையொப்பம் உள்ள சான்றிதழ்களில் ஆண்டு முதலில் வருவதைப் பார்த்திருப்பீங்க. தேதிக்குப் பின்னால் +05:30 என்றிருந்தால், அது இந்திய நேரம் என்று பொருள்.

அது என்ன ஐந்தரை, என்று ஒருவர் கேட்டார். கதை நம்ம சென்னையில்தான் இருக்கு. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டிய வானாய்வகத்தில் இருந்து கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் 1802-இல் மெட்ராஸ் நேரத்தைக் கணித்தார். கிரீன்விச்சைவிட ஏறக்குறைய 5 மணி 21 நிமிடம் முன்னால். அதற்கான கல்தூண் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்குது. ரயில்கள் பல ஆண்டுகள் அந்த நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க ஐந்தரை என்று வைத்தாங்க. கல்கத்தாவும் பம்பாயும் அதற்குப் பிறகும் நெடுங்காலம் தங்கள் சொந்த நேரத்தை விடவில்லை. நான் முன்பு சொன்ன நேரமண்டலப் பட்டியலில் 1906-க்கு முந்தைய இந்தியாவுக்கு மெட்ராஸ் நேரம் இன்னமும் எழுதியிருக்கு. உங்க போனுக்குள்ளேயும் இருக்கு.

கடைசியாக ஒன்று. விளையாட்டில் உயிர் ஏற்ற, ரீசார்ஜ் கெடுவை ஏமாற்ற என்று பிள்ளைங்க போனில் தேதியை மாற்றி வைப்பாங்க. அப்புறம் வங்கிச் செயலி திறக்காது, அரசு இணையதளம் "பாதுகாப்பில்லாத இணைப்பு" என்று மிரட்டும். தளத்தின் பாதுகாப்புச் சான்றுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. போன் கடிகாரம் அதற்கு வெளியே போனால் சான்று செல்லாது என்று போன் நினைக்குது. அமைப்புகளில் தேதியும் நேரமும் தானாக அமையும்படி வையுங்க. இ-சேவை மையக் கணினிகளிலும் அதையே செய்யுங்க, முதலில் நேரமண்டலம் கொல்கத்தா என்று இருக்கான்னு பாருங்க. கேள்வி இருந்தா கேளுங்க, ஷிஃப்ட் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு.