நீருக்கடியில் ஒரு நிகண்டு

(இலக்கிய வட்டத்தின் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கரிசல் மண்ணில் கூடியிருக்கும் நாம் கடலுக்கடியில் வாழும் உயிர்களைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். இவ்வூரிலிருந்து தூத்துக்குடிக் கடற்கரை சாலை வழியே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும் அந்தத் தொலைவைக் காட்டிலும் பெரிய தொலைவு ஒன்று உண்டு. அது கடலின் மேற்பரப்புக்கும் அதன் அடித்தரைக்கும் இடையே உள்ள பத்துப் பதினைந்து மீட்டர் தொலைவாகும். நெய்தலை ஐந்திணையுள் ஒன்றாக வைத்துப் போற்றிய நம் இலக்கியம் கரையையும் கழியையும் புன்னையையும் உப்பளத்தையும் நுணுகிக் கண்டது. நீருக்குள் இறங்கிக் கண்டவர்கள் எழுதவில்லை, எழுதியவர்கள் இறங்கவில்லை. இந்த இடைவெளியைப் பற்றித்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

நீருக்கடியில் படம் எடுக்கும் கலை குளிர்ந்த கடல்களில் பிறந்தது. 1856ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள வேமவுத் விரிகுடாவில் வில்லியம் தாம்சன் என்பவர் ஒரு பெட்டிக்குள் படக்கருவியை வைத்துப் படகிலிருந்து கடலுக்குள் இறக்கினார். பெட்டிக்குள் நீர் புகுந்துவிட்டது. ஆயினும் மங்கலான ஒரு படம் கிடைத்தது. 1893இல் பிரான்சு நாட்டுப் பான்யூல் கடற்கரையில் லூயி புத்தான் என்னும் உயிரியல் அறிஞர் தாமே மூழ்குடை அணிந்து இறங்கிப் படம் எடுத்தார். சில படங்களுக்கு அரைமணி நேரம் வரை அசையாது காத்திருக்க வேண்டியிருந்தது. அரைமணி நேரம் எந்த மீன் நமக்காக நிற்கும்? ஆகவே அத்தகைய படங்களில் பாறை இருந்தது, பாசி இருந்தது. ஓடும் உயிர் இல்லை. 1943இல் கூஸ்தோவும் கான்யனும் முதுகில் சுமந்து செல்லும் காற்றுக் குப்பியை உருவாக்கிய பின்னரே மனிதன் மீனோடு மீனாக நீந்திப் பார்க்கும் நிலை வந்தது. இதனையே இன்று ஸ்கூபா என்கிறோம்.

குளிர்கடலில் மூழ்குவோர் படும் பாடு சிறிதன்று. நீர் புகாத தடித்த உடையும் கையுறையும் அணிய வேண்டும். விறைத்த விரலால் கருவியின் சிறு பொத்தானை அழுத்த வேண்டும். ஆழத்திலிருந்து சத்து மிகுந்த நீர் மேலெழுவதால் அங்கே நுண்ணுயிர்கள் பெருகி நீரைக் கலக்குகின்றன. கையெட்டும் தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நாள்களும் உண்டு. ஆனால் அந்தச் சத்தே அக்கடலின் செல்வம். கலிபோர்னியக் கரையில் கெல்ப் என்னும் பெரும்பாசி, ஏற்ற சூழலில் நாளொன்றுக்கு அரை மீட்டர் வரை வளர்ந்து, 30 மீட்டருக்கும் மேல் உயர்ந்து காடுபோல் நிற்கிறது. அந்தக் காட்டின் அடியில் கடற்பஞ்சுகளும் ஓடில்லா நத்தைகளும் பாறையில் ஒட்டிய பூவுயிர்களும் நிறைந்திருக்கின்றன. பிரித்தானியக் கடலில் வெண்மையாகக் கிளைத்து நிற்கும் மென்பவளம் ஒன்றுக்கு அந்நாட்டார் 'இறந்தவன் விரல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாரும் உண்ணாத, யாரும் விற்காத ஓர் உயிருக்கு அச்சமும் நகையும் கலந்த ஒரு நாட்டுப்பெயர். அந்தப் பெயர் இன்று மூழ்குவோர் கையேடுகளிலும் அப்படியே இடம்பெற்றிருக்கிறது.

இனி நம் கடலுக்கு வருவோம். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே சங்கிலிபோல் அமைந்த 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பவளத் திட்டுகளையும் உள்ளடக்கி, மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 3,600க்கும் மேற்பட்ட உயிரினங்கள் இவ்வளைகுடாவில் பதிவாகியுள்ளன. இது குளிர்கடல் அன்று, வெதுவெதுப்பான கடல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் குமரிமுனையை ஒட்டிய கடலில் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுந்து மீன்வளத்தைப் பெருக்குவதுண்டு. நம் கரைக்குக் குளிர்கடலோடு உள்ள உறவு அவ்வளவே.

இவ்வளைகுடாவின் உயிர்களை எண்ணிப் பெயரெழுதும் பணி நூறாண்டுகளுக்கு மேற்பட்டது. 1890இல் எட்கர் தர்ஸ்டன் முத்துக்குளிப்பு, சங்குகுளிப்பு, கடலுயிர்கள் பற்றிய குறிப்புகளை வெளியிட்டார். 1903 முதல் 1906 வரை ஹெர்ட்மன் எழுதிய முத்துச்சிப்பி அறிக்கை ஐந்து தொகுதிகளாக வந்தது. ஜேம்ஸ் ஹார்னல் அப்பணியில் துணைநின்றார். 1927இல் குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் ஒரு தொகுப்பை வெளியிட்டது. இவற்றுக்குரிய உயிர்களில் பலவற்றைக் கடலுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தவை நம் குளிகாரர்களின் கைகள். மூச்சை அடக்கிப் பாகக் கணக்கில் ஆழம் சொல்லி இறங்கியவர்கள் அவர்கள். அறிஞர் மேசைக்கு வந்தவை சாராயத்தில் ஊறிய உடல்கள். நிறம் போய், அசைவு போய், அண்டை அயல் போய் வந்த உடல்கள்.

காற்றுக் குப்பியோடு அறிஞர்களே இறங்கத் தொடங்கிய பிறகு இந்த நிலை மாறியது. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மகாதேவனும் நாகப்பன் நாயரும் தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள முத்துப்பார்களில் மூழ்கிக் கண்டவற்றை எழுதினார்கள். 1965இல் அவர்கள் வெளியிட்ட ஒரு சிறு குறிப்பு பாறை இனத்து மீன் ஒன்றுக்கும் கடற்பாம்புக்கும் இடையே கண்ட தோழமையைப் பற்றியது. சிந்தித்துப் பாருங்கள். வலையில் மீன் தனியே வரும். பாம்பு தனியே வரும். தோழமை வலையில் வராது. நீருள் சென்று கண்ட கண்ணுக்கே அது அகப்படும். படம் எடுப்பதன் பயனும் இதுவே. ஓர் உயிரை அதன் வாழ்வோடு சேர்த்துப் பதிவு செய்வது அது.

ஆனால் நீர் எளிதில் உண்மை சொல்வதில்லை. கடல்நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. பத்து மீட்டர் ஆழத்தில் செந்நிறப் பஞ்சு சாம்பல் நிறமாகத் தோன்றும். விளக்கை அதன்மேல் வீசினால் குருதிச் சிவப்பாய் ஒளிரும். முகக்கண்ணாடி வழியே பார்க்கும்போது பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரியனவாகவும், கால் பங்கு அருகில் இருப்பனவாகவும் தோன்றும். ஆகவே தேர்ந்த படப்பிடிப்பாளர் ஒரு படத்தோடு நிறைவடைவதில்லை. முழு உடல், பக்கத் தோற்றம், அது இருந்த இடம் என்று பல படங்கள் எடுக்கிறார். ஆழத்தையும் நாளையும், அடித்தரை மணலா பாறையா பாசியா என்பதையும் குறித்து வைக்கிறார். உயிரைத் தொடுவதில்லை.

இத்தனை செய்தும் பெயர் கிடைத்துவிடுமா என்றால், எப்போதும் கிடைப்பதில்லை. கடற்பஞ்சின் இனத்தை அறிய அதன் உடலுக்குள் உள்ள நுண்முட்களை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். கடல் அட்டைக்கும் அவ்வாறே. பவளத்துக்கு அதன் கல்லெலும்பின் கிண்ண அமைப்பைக் காண வேண்டும். படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இனத்தின் பெயரை அடித்துச் சொல்வது துணிச்சல். இன்ன பேரினம் என்பதோடு நிறுத்திக்கொள்வது அறிவின் நேர்மை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியப் பெருங்கடலின் பவளப்பாறைகளில் ஒரு மீன் வாழ்கிறது. ஆங்கிலத்தார் அதனைப் பேரரசத் தேவதை மீன் என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். இளமையில் அது கருநீல உடலில் வெண்ணிற வளையங்களோடு இருக்கும். வளர்ந்தபின் மஞ்சள் வரிகள் படர்ந்து, கண்ணருகே கரும்பட்டை தாங்கி நிற்கும். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டால் ஒரே மீன் என்று எவரும் சொல்லார். முற்காலத்தில் அறிஞர்களும் இரண்டு பெயர் சூட்டினார்கள். சங்கரன்கோவிலில் இதை விளக்க நான் தொல்லைப்பட வேண்டியதில்லை. சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர் சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என வாதிட்டதும், அம்மையின் தவத்துக்கு இரங்கி இறைவன் இரு திருக்கோலமும் ஒன்றாய்த் தோன்றியதும் ஆடித்தபசு தோறும் நாம் நினைவுகூரும் வரலாறு. வடிவம் இரண்டாகத் தோன்றினும் பொருள் ஒன்றாதல் கூடும் என்பதை இவ்வூர் அறியும்.

இப்போது பெயர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இலக்கிய வட்டத்தில் இதைப் பேசத் துணிந்ததற்குக் காரணமும் அதுதான். நம் கடற்பெயர்களை இரு கூறாகப் பிரிக்கலாம். கடல் பசு, கடல் குதிரை, கடல் அட்டை என்பன ஒரு கூறு. நிலத்து உயிரின் பெயரைக் 'கடல்' என்ற அடையோடு சேர்த்து ஆக்கியவை. பெரும்பாலும் கரையில் நின்று வைத்த பெயர்கள். அஞ்சாளை, களவா, ஒரா, விளமீன், பேத்தை, திருக்கை, முரல், கணவாய் என்பன மற்றொரு கூறு. இவை படகிலும் வலையிலும் பிறந்த சொற்கள். கடல் பசு என்று நாம் எழுதும் விலங்கை மன்னார் வளைகுடாவின் கரையோர மக்கள் ஆவுளியா என்கிறார்கள். பாக் விரிகுடாவில் இவ்விலங்குக்கென 2022இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் காப்பகம் அறிவிக்கப்பட்டது. விலங்குக்குக் காப்பகம் கிடைத்தது. ஆவுளியா என்னும் சொல்லுக்குக் காப்பகம் எங்கே?

இராமேசுவரம் வட்டாரத்தில் கண்ணாடி அணிந்து மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் ஒரு பாசியை மரிக்கொழுந்து என்பார்கள். மற்றொன்றைக் கஞ்சிப்பாசி என்பார்கள். நம் ஊர்ப் பூச்சந்தையில் மணக்கும் மரிக்கொழுந்து கடலடியில் ஒரு பாசிக்குப் பெயராகியிருப்பதை எந்த அகராதிக்காரர் அவர்களிடம் சென்று கேட்டார்?

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் மறைக்கலாகாது. விலையுள்ளவற்றுக்கே நம்மிடம் பெயர் மிகுதி. சந்தைக்கு வரும் மீனுக்கு ஊருக்கொரு பெயர் உண்டு. சந்தைக்கு வராத ஓடில்லா நத்தைக்கும் பஞ்சுக்கும் கடல் விசிறிக்கும் பெரும்பாலும் தனிப்பெயர் இல்லை. வலையில் சிக்கினால் கழிவு என்று உதறப்படும். 'இறந்தவன் விரல்' போன்ற ஒரு பெயரை விலையில்லா உயிருக்கு வழங்க நமக்குச் சொல்வளம் இல்லையா? சொல்வளம் உண்டு, பார்வைதான் இல்லாதிருந்தது. பார்ப்பதற்கான கருவி இப்போது கிடைத்திருக்கிறது.

காலமோ காத்திருக்கவில்லை. தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. அதில் மூழ்கியவர்களின் தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. சங்குகுளிப்போர் இன்று படகிலுள்ள காற்றழுத்தப் பொறியின் குழாயை வாயில் கவ்வி இறங்குகிறார்கள். ஆழத்திலிருந்து விரைந்து ஏறினால் உடல் முடங்கும் என்பதை அறிந்தும், அறியாமலும், பிழைப்புக்காக இறங்குகிறார்கள். தம் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வரவேண்டாம் என்று அவர்கள் எண்ணினால் அதைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் அவர்கள் கரையேறும்போது அவர்களோடு சொற்களும் கரையேறி மறைகின்றன.

உயிர்களின் நிலையும் அவ்வாறே. பவளக்கல் தோண்டியதாலும் கடலரிப்பாலும் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருள் அமிழ்ந்துவிட்டன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறியதால் பவளங்கள் வெளுத்தன. பல மீளாமல் மடிந்தன. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் மூழ்கிச் சென்று இம்மாற்றங்களைக் கணக்கெடுத்து வருகிறார்கள். 2001இல் பவளமும் கடல் அட்டையும் கடல் குதிரையும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. எனவே மாதிரிக்கென்று எவரும் விரும்பியபடி எடுத்துவர இயலாது, அது நன்மையே. அதனால்தான் படம் இன்னும் இன்றியமையாததாகிறது. நேற்று இருந்தது இன்று இல்லை என்பதை மெய்ப்பிக்க, நேற்றைய படம் வேண்டும். அதில் நாளும் இடமும் ஆழமும் பெயரும் வேண்டும்.

ஆகவே இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நம்மில் யாரும் குப்பி சுமந்து மூழ்க வேண்டியதில்லை. பூங்காவின் எல்லைக்குள் செல்ல வனத்துறையின் இசைவு வேண்டும். அந்தப் பணியை ஆய்வாளர்கள் செய்வார்கள். அவர்கள் எடுத்த படங்களைக் கேட்டுப் பெறலாம். அவற்றைத் தூத்துக்குடியிலும் வேம்பாரிலும் கீழக்கரையிலும் உள்ள முதிய குளிகாரர்களிடமும் பாசி எடுக்கும் தாய்மார்களிடமும் காட்டி, அவர்கள் சொல்லும் பெயரை அவர்கள் ஒலிக்கும்படியே எழுதலாம். ஒரு பக்கம் படம். அதன் எதிரே ஊர்ப்பெயர், ஊர், சொன்னவரின் தொழில். அதன் கீழ் அறிவியற்பெயர். அறிவியற்பெயர் ஐயத்துக்குரியதாயின் அந்த இடம் வெறுமையாக இருக்கட்டும். ஊர்ப்பெயர் இல்லாத உயிராயின், இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்று அவர்களையே கேட்கலாம். நாம் நகரத்தில் அமர்ந்து ஆக்கும் சொல்லைவிட அவர்கள் சொல்லும் சொல் கடலில் நெடுநாள் வாழும்.

நம் முன்னோர் நிகண்டுகளில் மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று தொகுதி தொகுதியாகச் சொற்களைச் சேர்த்து வைத்தார்கள். அவர்கள் தொகுத்திராவிட்டால் இன்று நமக்கு எத்தனை சொல் எஞ்சியிருக்கும்? கடலடித் தொகுதி ஒன்று இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது. அதன் ஓலைகள் இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை முதியவர்களின் நாவில் இருக்கின்றன. அடுத்த கச்சான் காற்றுக்கு முன் இருவராவது சென்று முதல் பத்துச் சொற்களை எழுதிவந்து இந்த மேடையில் படித்தால், இந்த உரை தன் கடமையை முடித்ததாகும்.