வெட்டியவர் எங்கே?



ஆங்கில இலக்கணம் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி'யை மராத்தியில் எழுதினார். ஆங்கிலத்திலும் ஒரு முன்னுரை சேர்த்தார். அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கு நூலைக் காணிக்கையாக்கினார். நம் வழக்கை உலகத்தின் முன் வைக்க அந்த மொழி வேண்டியிருந்தது. இன்றும் வேண்டியிருக்கிறது.

சொற்பட்டியலை மனப்பாடம் செய்தால் மறுவாரமே மறந்துபோகும். நாளுக்கு ஐந்து சொல் போதும். ஒவ்வொன்றையும் வைத்து உங்கள் ஊர், விடுதி, வேலை பற்றி ஒரு வாக்கியம் எழுதுங்கள். தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். இது கைவந்தால் பாதி பயம் போய்விடும்.

செயப்பாட்டு வினை படிக்கும்போது செய்தித்தாளை எடுங்கள். 'தலித் இளைஞர் வெட்டப்பட்டார்.' வெட்டியவர் எங்கே? இதைச் செய்வினையாக மாற்றி ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது; யார் என்று சொல்லியே ஆகவேண்டும். புகார் மனு எழுதும்போதும் இந்தப் பழக்கம் உதவும்.

ஆங்கிலத்தில் 'நீ', 'நீங்கள்' இரண்டுக்கும் 'யூ' ஒன்றுதான். கலெக்டருக்கும் அதே சொல், துப்புரவுப் பணியாளருக்கும் அதே சொல். அதற்காக ஆங்கிலம் தானாகச் சாதியை ஒழித்துவிடாது. நம் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பவர்களும் ஆங்கிலம் படித்தவர்கள்தான்.

ஆகவே நம் வகுப்பில் ஒரே விதி: தவறைத் திருத்தலாம், சிரிக்கக் கூடாது. பேசத் தொடங்குங்கள்.